இன்ஜின் போன கார்: சரி செய்வதா, விற்பதா? முழுமையான வழிகாட்டி

"இன்ஜின் போயிருச்சு சார். ஒன்றரை லட்சம் ஆகும். அதுக்குப் பேசாம குடுத்துருங்க, நானே பார்ட்டி சொல்றேன்."

கார் நின்றுபோன அன்று சாயங்காலமே பலருக்கும் கிடைக்கிற பதில் இது. சொல்பவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் இன்ஜினில் எது போயிருக்கிறது என்று தெரியாமல் ஒன்றரை லட்சம் என்று சொல்லவும் முடியாது, விற்றுவிடலாம் என்று முடிவெடுக்கவும் முடியாது. பழுது என்னவென்று யாருக்குத் தெரிகிறதோ அவர் கையில்தான் பணம் நிற்கும். உங்களுக்குத் தெரியாமல் வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால் அந்த வித்தியாசம் முழுக்க அவருடைய லாபம். அதனால் விற்பது என்று ஏற்கெனவே தீர்மானித்தவர்கூட முதலில் பழுதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் செலவு செய்தே ஆக வேண்டும்.

தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்கு ஓடுகிற, ஐந்து முதல் பதினைந்து வயதுள்ள பெட்ரோல், டீசல் கார்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: சாவியைத் திருப்புவதை நிறுத்துங்கள்

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, சூடு முள் ஏறினாலோ, இன்ஜினுக்குள் 'டக் டக்' என்று ராட் அடிக்கிற சத்தம் கேட்டாலோ வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். "பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் மெதுவாப் போயிடலாம்" என்று ஓட்டுகிற அந்தச் சில கிலோமீட்டரில், பேரிங் மட்டும் மாற்றினால் போதும் என்றிருந்த வேலை கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) வரைக்கும் போய்விடும்.

தண்ணீரில் நின்ற வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. அப்படி நிற்கிற வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், அதைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

படி 2: காப்பீட்டையும் வாரண்டியையும் பாருங்கள்

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, தேய்மானத்தால் வரும் மெக்கானிக்கல் பழுதுக்குப் பணம் தராது. பெல்ட் அறுந்தாலும், ஆயில் குறைந்து இன்ஜின் சீஸ் ஆனாலும் (இறுகி நின்றாலும்) கைக்காசைத்தான் கொடுக்க வேண்டும். இன்ஜின் புரொடெக்‌ஷன் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால், தண்ணீர் புகுந்ததாலும் ஆயில் கசிந்ததாலும் ஏற்படும் சேதத்துக்குப் பொதுவாக வழி உண்டு. பாலிசித் தாளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும். சர்வேயர் வந்து பார்ப்பதற்குள் பிரித்துப்போட்ட இன்ஜினுக்கு கிளெய்ம் வாங்குவது பெரும்பாடு.

கிளெய்ம் உண்டு என்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பழுதுச் செலவு பாலிசியில் எழுதியிருக்கும் ஐ.டி.வி. (காப்பீட்டுக்காகக் கணக்கிட்ட வண்டியின் இன்றைய விலை) மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை 'டோட்டல் லாஸ்' என்று வைத்து, ஐ.டி.வி. அடிப்படையில் தொகை தருவார்கள். அப்போது சரி செய்வதா, விற்பதா என்ற கேள்விக்கே இடமில்லை.

நிறுவனத்தின் எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கினீர்களா என்பதையும் பழைய பில்களில் தேடுங்கள். வாங்கியதையே மறந்துபோனவர்கள் நிறைய.

படி 3: எது போயிருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

முதல் கேள்வி: உண்மையிலேயே போனது இன்ஜின்தானா? ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கெல்லாம் இன்ஜின் காரணம் இல்லை. கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப், இம்மொபிலைசர், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றில் எது போனாலும் வண்டி நிற்கும். இன்ஜின் சுற்றவே மறுக்கிறது, ஜாம் ஆகிவிட்டது என்று சொன்னால் முன்பக்க பெல்ட்டைக் கழற்றிவிட்டு கிராங்க் புல்லியை ஸ்பேனர் வைத்துக் கையால் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி. கம்ப்ரசரோ ஆல்டர்னேட்டரோ இறுகிப்போய், அதைப் பெல்ட் பிடித்துக்கொண்டு, இன்ஜின் சீஸ் ஆனதுபோலக் காட்டுவது உண்டு. பெல்ட் இல்லாமல் சுற்றினால் நீங்கள் பெரிய செலவிலிருந்து தப்பினீர்கள்.

அடுத்து, இன்ஜினைப் பிரிக்காமலேயே செய்யக்கூடிய சோதனைகள்:

ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் உள்ளே கலந்திருக்கிறது. பெரும்பாலும், ஹெட்டுக்கும் (சிலிண்டர்களின் மேல்மூடி) பிளாக்குக்கும் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பாகம்) நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது ஹெட் வளைந்தோ விரிசல் விட்டோ இருக்கும். ஆயிலில் பளபளவென்று உலோகத் துகள் மின்னினால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆயில் ஃபில்டரை அறுத்துத் திறந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கம்ப்ரெஷன் டெஸ்ட் கட்டாயம். ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் வருகிற எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும். பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஏதாவது ஒன்று குறைந்தால் அந்தச் சிலிண்டரில் கோளாறு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். குறைந்த சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அழுத்தம் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. இந்த ஒரு வித்தியாசத்தில் பல்லாயிரம் ரூபாய் இருக்கிறது. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். ரிங் என்றால் இன்ஜினை இறக்க வேண்டியிருக்கும்.

ஸ்பார்க் பிளக் துளை (டீசல் என்றால் இன்ஜெக்டர் துளை) வழியாக விடுகிற சின்ன கேமரா இப்போது நிறைய ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கிறதா, பிஸ்டன் தலையில் வால்வு மோதிய தழும்பு இருக்கிறதா என்பதைப் பிரிக்காமலே பார்த்துவிடலாம். அந்த வீடியோவை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். விற்கும்போதும் அது உதவும்.

கிராங்க்கையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் இயக்குவது டைமிங் பெல்ட்டா, செயினா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டஸ்டரில் வந்த ரெனோவின் 1.5 டீசலும், ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டின் 1.5 டீசலும் பெல்ட் வகை. பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி வால்வுகள் வளையும். கேட்கப் பயமாக இருந்தாலும், அடிப்பாகம் பெரும்பாலும் தப்பித்திருக்கும். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா உட்படப் பல கார்களில் வந்த ஃபியட்டின் 1.3 டீசல் செயின் வகை. அதில் ஆயிலைச் சரியாக மாற்றாமல் விட்டால் செயின் தளர்ந்து தொல்லை வரும்.

ஒரே ஒருவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டாவது மெக்கானிக்கிடம் முதலாமவர் சொன்னதைச் சொல்லாமல் கேளுங்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பலாம்.

படி 4: பிரிப்பதற்கு முன் ஒரு பேச்சு

"பிரிச்சுப் பார்த்தாத்தான் சார் தெரியும்" என்பது பல நேரம் உண்மைதான். ஆனால் சம்மதம் சொல்வதற்கு முன் மூன்றைப் பேசி முடியுங்கள். பிரிக்க மட்டும் கூலி எவ்வளவு? பிரித்த பிறகு வேண்டாம் என்று சொன்னால் மறுபடி பூட்டித் தருவீர்களா, அதற்கு எவ்வளவு? வேலை நடக்கிறவரை வண்டி நிற்க வாடகை உண்டா?

காரணம் இருக்கிறது. பூட்டிய நிலையில் ஓடாமல் நிற்கிற வண்டிக்கு ஒரு விலை. இன்ஜின் டிக்கியில் மூட்டையாகக் கிடக்கிற வண்டிக்கு அதைவிட நிறையக் குறைந்த விலை. ஒரு போல்ட் தொலைந்திருந்தாலும் வாங்குபவர் பத்து பாகம் தொலைந்ததாகக் கணக்குப் போடுவார். பிரித்த பிறகு பேரம் பேசும் பலம் உங்கள் கையில் இருக்காது.

படி 5: எந்த வேலை, எவ்வளவு?

எஸ்டிமேட் என்று ஒரே தொகை சொன்னால் ஏற்காதீர்கள். உதிரிபாகம், லேத் வேலை, கூலி என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். பொதுவாக நான்கு வகை வேலைகளில் ஒன்று வரும்.

ஹெட் வேலை: கேஸ்கெட், ஹெட் ஃபேஸிங், வால்வு, டைமிங் செட். இதோடு நிற்கிற பழுது என்றால் பெரும்பாலும் சரி செய்வதே நல்லது.

ஓவர்ஹால்: இன்ஜினை இறக்கி, சிலிண்டரை ரீபோர் செய்து (உள்சுவரைக் கடைந்து) அல்லது லைனர் (புதிய உள்குழாய்) போட்டு, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றுவது. இதன் தரம் மெக்கானிக்கைப் பொறுத்ததைவிட லேத்தைப் பொறுத்தது. கோவை போன்ற ஊர்களில் நல்ல லேத்துகள் கிடைக்கின்றன. உங்கள் ஊரில் எந்த லேத்துக்கு அனுப்புகிறார் என்று கேட்டு, முடிந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

நிறுவனத்தின் புதிய பிளாக்: செலவு அதிகம். வண்டி புதிதாக இருந்தால் மட்டுமே கட்டுப்படியாகும்.

பழைய இன்ஜின்: விபத்தில் அடிபட்ட வண்டியின் இன்ஜினை வாங்கிப் பொருத்துவது. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும். மலிவாகத் தெரியும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் ஆர்.சி.யில் உங்கள் பழைய இன்ஜின் நம்பர்தான் இருக்கும். மாற்றியதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான பில்லும் ஆவணமும் வேண்டும். பில் இல்லாத இன்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும். நம்பர் மாற்றாமல் விட்டால் பின்னாளில் வண்டியை விற்கும்போதோ, பதினைந்து வருடம் முடிந்து எஃப்.சி.க்குப் போகும்போதோ அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

படி 6: மூன்று விலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒன்று, இதே மாடல், இதே வருடம், நல்ல ஓட்டத்தில் இருந்தால் உங்கள் ஊரில் என்ன விலை. இணையத்தில் போட்டிருப்பது கேட்கிற விலை. கைமாறுகிற விலை அதைவிடக் குறைவு. இரண்டு, இப்போது நிற்கிற நிலையில் என்ன விலை. பழைய கார் வியாபாரி, இதே மாடலில் வேலை செய்யும் மெக்கானிக், ஷோரூம் எக்ஸ்சேஞ்ச் என்று குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள். நிற்கிற வண்டிக்கு நல்ல விலை தருபவர் பெரும்பாலும் மெக்கானிக்தான். கூலி அவர் கையிலேயே இருக்கிறது. மூன்று, ஸ்கிராப் விலை. அதுதான் அடிமட்டம். அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

படி 7: கணக்கு

எண்களை வைத்துப் பார்ப்போம். இவை உதாரணத்துக்காக நான் போட்டுக்கொண்டவை; உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வயது டீசல் ஹேட்ச்பேக். ஓடினால் 2,60,000 ரூபாய். நிற்கிற நிலையில் 1,10,000. ஓவர்ஹால் எஸ்டிமேட் 90,000.

எஸ்டிமேட்டில் கால் பங்கு கூட்டுங்கள், ஏனென்றால் பிரித்த பிறகு தொகை ஏறத்தான் செய்யும். 1,12,500 ஆயிற்று. இன்ஜினை இறக்கும்போதே கிளட்ச், மவுண்ட், ஓஸ்கள் ஆகியவற்றையும் மாற்றிவிடுவதுதான் புத்தி. டோ செலவையும் சேர்த்து 12,500 வையுங்கள். மொத்தம் 1,25,000.

விற்பதற்காகச் சரி செய்கிறீர்கள் என்றால்: 'இன்ஜின் வேலை பார்த்த வண்டி' என்று தெரிந்ததும் வாங்குபவர் விலையைக் குறைப்பார். 2,60,000 வேண்டாம், 2,40,000 என்று வையுங்கள். அதில் 1,25,000 போனால் மிச்சம் 1,15,000. அப்படியே விற்றால் 1,10,000. ஒரு மாதம் ஒர்க்‌ஷாப்புக்கு அலைந்து, 1,25,000 முடக்கி, கிடைப்பது 5,000. அப்படியே கொடுத்துவிடலாம்.

வைத்து ஓட்டுவதற்காக என்றால் கணக்கே வேறு. கைக்கு வரவேண்டிய 1,10,000-ஐ விட்டுக்கொடுத்து, 1,25,000 செலவழிக்கிறீர்கள். அதாவது 2,35,000 ரூபாய்க்கு ஒரு கார் வாங்குகிறீர்கள். அந்த விலைக்கு வெளியே கிடைப்பது, யார் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாத இன்னொரு பழைய கார். உங்களுடையதோ பாடி, கியர்பாக்ஸ், சர்வீஸ் என்று எல்லாம் தெரிந்த, இன்ஜின் புதிதாகச் செய்த வண்டி. இன்னும் நான்கு வருடமாவது ஓட்டுவேன் என்றால் சரி செய்வது நியாயம்.

ஒரே கார், ஒரே பழுது, ஒரே எஸ்டிமேட். ஆனாலும் இரண்டு வீட்டில் இரண்டு சரியான விடை. விற்பதற்காகச் சரி செய்வது அரிதாகவே லாபம் தரும். வைத்துக்கொள்வதற்காகச் சரி செய்வது பல நேரம் லாபம் தரும். ஹெட் வேலையோடு முடிகிற சின்னப் பழுது இதற்கு விலக்கு. அதைச் சரி செய்துவிட்டு விற்றாலும் கையைக் கடிக்காது.

போன மாதம் போட்ட நான்கு டயர், தீபாவளிக்கு மாற்றிய பேட்டரி ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தப் பணம் போனது போனதுதான். புது டயருக்காக நிற்கிற விலையை உயர்த்திக் கேட்கலாம், அவ்வளவே.

படி 8: கணக்கை மாற்றக்கூடியவை

வயது. பதிவு செய்து பதினைந்து வருடம் முடியப்போகிறதென்றால், வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் ஐந்து வருடம் செல்லும். கார்களுக்கான அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது; பசுமை வரி தனி. டெல்லிக்கென்று பிறப்பித்த பத்து வருட டீசல் தடை இங்கே இல்லை. ஆகவே வயதை மட்டும் காட்டி "இனி ஓட்டவே முடியாது" என்று யாராவது விலையைக் குறைத்தால் நம்பாதீர்கள்.

உதிரிபாகம். செவ்ரோலே 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இப்படி விடைபெற்ற நிறுவனங்களின் வண்டி என்றால், இன்ஜினுக்குத் தேவையான பாகங்கள் கையில் கிடைத்த பிறகுதான் பிரிக்கச் சொல்ல வேண்டும். மாருதியின் சாதாரண பெட்ரோல் இன்ஜினுக்கு இந்தக் கவலை இல்லை.

துரு. கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். சேஸிஸ் அரித்திருந்தால் இன்ஜினுக்குச் செலவு செய்யாதீர்கள்.

படி 9: சரி செய்வதென்றால்

இன்ஜின் ஏன் போனது என்பதையும் சரி செய்ய வேண்டும். சூடேறி ஹெட் போன வண்டிக்கு ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்க்காமல் ஹெட்டை மட்டும் சரி செய்தால் அடுத்த கோடையில் அதே வேலை திரும்ப வரும். பேரிங் போன இன்ஜினில் ஆயில் பம்ப்பை மாற்றி, ஆயில் கூலரைக் கழுவி, டர்போவைச் சோதிக்க வேண்டும். உலோகத் துகள் அங்கே தங்கியிருக்கும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர் பொறுப்பு என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டு கூலன்ட் ஊற்றுங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஆயில் மாற்றுங்கள். அதுவரை நெடுஞ்சாலையில் விரட்ட வேண்டாம்.

படி 10: விற்பதென்றால்

பழுதை மறைக்காதீர்கள். கம்ப்ரெஷன் எண்களையும் கேமரா வீடியோவையும் காட்டி, இரண்டு எஸ்டிமேட்டையும் வைத்துப் பேசுங்கள். என்ன பழுது என்று தெரியாத வண்டிக்கு வாங்குபவர் ஆக மோசமான செலவைத்தான் கழிப்பார். தெரிந்தால் உள்ள செலவைத்தான் கழிக்க முடியும். சோதனைக்குக் கொடுத்த காசு இங்கே திரும்பி வரும்.

வண்டியின் மேல் கடன் இருந்தால் முதலில் அதை அடைத்து, வங்கித் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி ஆர்.சி.யில் அடமானப் பதிவை நீக்குங்கள். நிலுவையில் உள்ள இ-செலான்களைக் கட்டுங்கள். ஃபாஸ்டேக்கை மூடுங்கள். பாலிசியில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது அல்ல. நிறுவனத்திடம் கடிதம் வாங்கி வைத்தால் அடுத்த காருக்கு அது உதவும். இதை விட்டுவிடுகிறவர்கள் பலர்.

விற்பனைக் கடிதத்தில் தேதி, நேரம், கிலோமீட்டர், 'இன்ஜின் இயங்காத நிலையில், பழுதைத் தெரிவித்து விற்கப்பட்டது' என்ற வரி ஆகியவை இருக்கட்டும்.

உடைக்கத்தான் போகிறது என்று தெரிந்தால் காயலான் கடைக்குக் கொடுக்காதீர்கள். 2021 விதிகளின்படி பதிவுபெற்ற ஸ்கிராப்பிங் மையங்கள் இருக்கின்றன. அங்கே கொடுத்தால் சர்டிபிகேட் ஆஃப் டெபாசிட் என்ற சான்று கிடைக்கும். அதை வைத்துப் புது வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டணம் கிடையாது, மாநிலத்தைப் பொறுத்து சாலை வரியிலும் சலுகை உண்டு. ஆர்.சி.யும் முறையாக ரத்தாகும். காயலான் கடையில் உடைத்த வண்டியின் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும்.

ஓட்டத்துக்கு விற்கும்போது உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவரின் பெயரை எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். "பேர் போடாம குடுங்க, ரெடி பண்ணி வேற பார்ட்டிக்கு மாத்திக்கிறோம்" என்று வியாபாரிகள் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை பதிவில் உள்ளவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்தை மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாஹனில் நீங்களே போட்டு, அந்த ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டி எண்ணைப் போட்டு, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறாமல் இழுத்தால் ரசீதோடும் விற்பனைக் கடிதத்தோடும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரிலேயே போய் எழுத்தில் புகார் கொடுங்கள்.